அரைமண்டி நல்லா வருது, டர்ன்-அவுட் ஏன் வரல?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பாலே கற்க வருகிறவர்களில் பலர் சில வருடம் பரதநாட்டியம் ஆடிவிட்டு வருகிறார்கள். அரைமண்டியில், அதாவது முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில், இரண்டு முட்டியும் பக்கவாட்டில் தாராளமாகத் திறக்கும். அதே பிள்ளையை எழுப்பி, காலை நேராக நீட்டி, பாலேயின் முதல் நிலையில் குதிகாலோடு குதிகால் சேர்த்து நிற்கச் சொன்னால் பாதம் மட்டும் வெளியே திரும்பும். முட்டிச்சில்லு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருக்கும். இடுப்பிலிருந்து கால் முழுவதும் வெளியே திரும்புவதைத்தான் பாலேயில் டர்ன்-அவுட் என்கிறார்கள். "அங்க நல்லாத்தானுங்க திறந்துச்சு, இங்க வந்ததும் ஏனுங்க திறக்க மாட்டீங்குது?" என்பது அம்மாக்களின் வழக்கமான கேள்வி.

பிள்ளை மீது குறை இல்லை. இடுப்பு மூட்டின் அமைப்பு அப்படி. தொடை எலும்பின் உருண்டைத் தலை, ஆட்டுக்கல் குழியில் குழவி சுற்றுவதுபோல இடுப்பெலும்பின் குழியில் சுற்றுகிறது. அந்த மூட்டின் முன்பக்கத்தை ஒரு தடித்த தசைநார் மூடியிருக்கிறது. உடம்பில் உள்ள தசைநார்களிலேயே வலுவானது அது. கால் நேராக இருக்கும்போது அது இறுகி, தொடை வெளியே திரும்புவதைத் தடுக்கும். தொடை முன்னால் மடங்கும்போது தளர்ந்துவிடும். அரைமண்டியில் தொடை மடங்கியிருப்பதால் திறப்பு சுலபம். பாலேயில் நேரான காலோடு, இறுகிய தசைநாரை வைத்துக்கொண்டே திருப்ப வேண்டும். எனவே அரைமண்டியில் தெரியும் கோணத்தை வைத்து டர்ன்-அவுட்டை எடைபோடக் கூடாது.

பாதங்கள் ஒரே கோட்டில் 180 டிகிரி விரிய வேண்டும் என்ற ஆசையையும் முதலிலேயே கொஞ்சம் இறக்கி வைத்துவிடலாம். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவையில் பாலேயின் ஐந்து நிலைகள் வகுக்கப்பட்ட காலத்தில் ஒரு காலுக்குச் சுமார் 45 டிகிரி திறந்தாலே போதும் என்றிருந்தது. முழு 180 பிற்பாடு வந்த வழக்கம். நடனம் பழகாத ஒருவருக்கு இடுப்பு மூட்டில் ஒரு கால் 40 முதல் 50 டிகிரி வரை வெளியே திரும்பும். நன்றாகப் பழகிய ஆட்டக்காரர்களுக்கு 60-ஐத் தொடலாம், சிலருக்கு அதற்கும் மேல். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பிலும் இயற்கையாகவே ஒரு முறுக்கு இருப்பதால் பாதம் தொடையைவிடக் கொஞ்சம் அதிகமாக வெளியே பார்க்கும். அதற்கு மேல் தெரிகிற ஒவ்வொரு டிகிரியும் முட்டியிடமோ கணுக்காலிடமோ முதுகிடமோ வாங்கிய கடன்.

கடன் வாங்கும் மூன்று வழிகள்

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதல் வழி முட்டி. முழங்கால் மடங்கியிருக்கும்போது கெண்டைக்கால் எலும்பு தொடை எலும்பின் அடியில் கொஞ்சம் திரும்ப இடமுண்டு. காலை நீட்டியதும் அந்த இடம் போய் மூட்டு பூட்டிக்கொள்ளும். மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? முட்டியை மடக்கி, பாதங்களை விரும்பிய அகலத்துக்குத் தரையில் வைத்து, அப்படியே எழுந்து காலை நீட்டிவிடுகிறார்கள். பாதம் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வராது, தொடையோ உள்நோக்கித் திரும்பி நிற்கும். இரண்டுக்கும் நடுவே முட்டி பிழியப்படும். முட்டியின் உட்புறத் தசைநாரும் உள்ளே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பும்தான் இதற்கு விலை கொடுக்கும். வெறுங்காலில் தட்டி ஆடும் அரைமண்டியிலும் இதே தவறு நடக்கும். வியர்த்த பாதம் சிமென்ட் தரையில் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது வழி பாதம். உட்புற வளைவு அமுங்கி, எடை முழுக்கக் கட்டைவிரல் பக்கம் சாய்ந்தால் பாதம் இன்னும் சில டிகிரி வெளியே போனதுபோல் தோன்றும். கட்டைவிரல் அடியில் புடைப்பு, கெண்டைக்கால் எலும்பின் உட்புற ஓரத்தில் வலி, கணுக்காலின் உட்புறம் பின்னால் சுருக்கென்ற வலி எல்லாம் இதன் தொடர்ச்சி.

மூன்றாவது வழிதான் ரொம்பப் பேருக்குப் பிடிபடாதது: முதுகு. இடுப்பை முன்னால் சாய்த்து, பின்பக்கத்தைத் தள்ளி, கீழ்முதுகை உள்ளே வளைத்தால் இடுப்பு மூட்டு கொஞ்சம் மடங்கிய நிலைக்கு வருகிறது. முன்பக்கத் தசைநார் தளர்கிறது. கால் உடனே கூடுதலாகத் திறக்கிறது! கண்ணாடியில் முன்னாலிருந்து பார்த்தால் முன்னேற்றம் மாதிரியே இருக்கும். பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். "நெஞ்சை நிமித்து" என்று கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தத் தவறு எளிதில் வரும். நெஞ்சை நிமிர்த்தச் சொன்னால் கீழ் விலா எலும்பை முன்னால் துருத்துவார்கள், அதோடு முதுகும் வளையும்.

முதலில் அளந்து பாருங்கள்

தேவையானவை: ஒரு பவானி ஜமக்காளம், ஒரு ஜோடி சாக்ஸ், கோலமாவு, பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானி, கோணம் காட்டும் செயலி உள்ள ஒரு போன், ஒட்டுப்பொட்டு, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு. குண்டு இல்லாவிட்டால் நூலில் கட்டிய பூட்டு போதும்.

உடை விஷயத்தில் ஒரு வார்த்தை. பயிற்சிச் சேலையின் கொசுவமும் தளர்ந்த பைஜாமாவும் முட்டியை மறைத்துவிடும். ஒட்டிய லெக்கிங்ஸ் போட்டு, முட்டிச்சில்லின் நடுவில் பெரிய ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டுங்கள். கருப்பு லெக்கிங்ஸில் சிவப்புப் பொட்டு பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். இனி பார்க்க வேண்டியது பாதத்தை அல்ல, அந்தப் பொட்டு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைத்தான்.

ஒன்று: ஜமக்காளத்தில் குப்புறப் படுத்து, ஒரு முட்டியை 90 டிகிரி மடக்கிப் பாதம் கூரையைப் பார்க்க வையுங்கள். மற்ற கால் நேராக இருக்கட்டும். மடக்கிய காலின் பாதம் மற்ற காலின் பக்கம், அதாவது உள்பக்கமாகச் சாயட்டும். பாதம் உள்ளே வந்தால் தொடை வெளியே திரும்புகிறது என்று அர்த்தம். முதலில் குழப்பமாக இருக்கும். இடுப்பின் முன்னெலும்பு தரையை விட்டு எழும் இடத்தில் நிறுத்திப் போனைக் கெண்டைக்காலோடு சேர்த்து வைத்து, செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் இன்னொருவர் மெதுவாகச் சாய்த்து அளக்க வேண்டும், பிறகு நீங்களே தசையால் இழுத்து அளக்க வேண்டும். உதாரணமாக, பிறர் சாய்த்தால் 52, தானாக 35 என்று வந்தால் நடுவில் உள்ள 17 டிகிரியைப் பயிற்சியால் மீட்கலாம். மூட்டு திறந்துதான் இருக்கிறது, பிடித்து வைக்கப் பலம் போதவில்லை. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் பலம் போதும், முன்தொடையின் இறுக்கத்தைக் கவனிக்கலாம்.

அதே நிலையில் பாதத்தை வெளிப்பக்கமாகவும் சாய்த்துப் பாருங்கள். அந்தப் பக்கம் 65, 70 என்று சாய்ந்து, உள்பக்கம் 25-ஐத் தாண்டவில்லை என்றால் தொடை எலும்பே முன்னோக்கி முறுகியிருக்க வாய்ப்புண்டு. பிறக்கும்போது எல்லாருக்கும் இருக்கும் இந்த முறுக்கு, வளர வளரக் குறைந்து பெரியவர்களில் சுமார் 15 டிகிரிக்கு வரும். சிலருக்கு அவ்வளவாகக் குறையாது. அது எலும்பு, எந்த நீட்டிப்புப் பயிற்சியும் அதை மாற்றாது. அந்தப் பிள்ளையைத் தவளை மாதிரி படுக்க வைத்து முதுகில் அமுக்குவது வீண் வேலை மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

இரண்டு: வழுவழுப்பான டைல்ஸ் அல்லது மொசைக் தரையில் சாக்ஸ் போட்டு, பாதங்களை ஒன்றுக்கொன்று இணையாக வைத்து, முட்டி நேராக நில்லுங்கள். எதையும் பிடிக்காமல், தொடையை மட்டும் வெளியே சுழற்றுங்கள். பாதம் அதன் பின்னால் வழுக்கிக்கொண்டு வரட்டும். நின்ற இடத்தில் குதிகால் நடுவையும் இரண்டாம் விரலையும் கோலமாவால் குறித்து, கோடு இழுத்து, கோணமானியில் அளங்கள். சாக்ஸில் தரைப்பிடிப்பு இல்லாததால் ஏமாற்ற முடியாது. இதில் வரும் கோணம்தான் இன்றைக்கு நீங்கள் ஆட வேண்டிய கோணம். 95 வந்தால் 95. வகுப்பில் பக்கத்துப் பிள்ளை 130-ல் நிற்கட்டும், நமக்கென்ன.

மூன்று: அதே கோணத்தில் பாதத்தை வைத்து மெதுவாக அரைமண்டிக்கு, பாலேயில் என்றால் டெமி பிளியே எனும் பாதி முட்டி மடக்கலுக்கு, இறங்குங்கள். முட்டிப் பொட்டின் நடுவிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது இரண்டாம் விரல் பக்கம் விழ வேண்டும். கட்டைவிரலுக்கு உள்ளே விழுந்தால் பாதத்தை அதிகமாகத் திறந்திருக்கிறீர்கள்.

நான்கு: கதவு நிலையில் குண்டைத் தொங்கவிட்டு அதன் பக்கத்தில் பக்கவாட்டாக நில்லுங்கள். நூல் கணுக்காலின் வெளி எலும்புக்குச் சற்று முன்னால் இறங்க வேண்டும். அங்கிருந்து மேலே பார்த்தால் முட்டியின் நடுவுக்குச் சற்று முன்பாக, தொடை மேட்டெலும்பு, தோள் நடு, காது என்று ஒரே கோட்டில் வர வேண்டும். போனை இடுப்பு உயரத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். மேலிருந்து எடுத்தால் எல்லாமே சாய்வாகத் தெரியும். ஒரு போட்டோ இணைபாதத்தில், இன்னொன்று டர்ன்-அவுட்டில். இரண்டாவதில் கீழ்முதுகின் வளைவு கூடியிருந்தால் மூன்றாவது கடன் நடக்கிறது.

இடுப்பை எங்கே வைப்பது

இரண்டு உள்ளங்கை அடியையும் இடுப்பின் முன்னெலும்புகள் மேல் வைத்து, விரல் நுனிகளை அடிவயிற்றின் கீழெலும்பில் சேருங்கள். கைகள் முக்கோணமாக இருக்கும். அந்த முக்கோணம் சுவரைப்போலச் செங்குத்தாக நிற்க வேண்டும். விரல் நுனி உள்ளே போய்விட்டால் முதுகு வளைந்திருக்கிறது. விரல் நுனி முன்னால் வந்தால் பின்பக்கத்தைச் சுருட்டி உள்ளே இழுத்திருக்கிறீர்கள்.

இந்த இரண்டாவது தவறைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "பின்னாடி தள்ளாத, உள்ள இழு" என்று திட்டு வாங்கியே பிள்ளைகள் பின்பக்கத் தசையை இறுக்கிப் பிடித்து நிற்கப் பழகிவிடுகிறார்கள். மேலே இருக்கும் பெரிய தசை இறுகினால் அதற்கு அடியில் இருக்கும் ஆறு சிறிய தசைகளுக்கு வேலை செய்ய இடமில்லை. தொடையை வெளியே சுழற்றுகிற முக்கிய வேலை அந்த ஆறுக்குத்தான். பெரிய தசை காலைப் பின்னுக்கு இழுப்பதில் கெட்டிக்காரன். அது பிடித்துக்கொண்டிருந்தால் பிளியேவுக்கு இறங்கும்போது தொடை மடங்கவே மறுக்கும். சரியான வேலை நடக்கும்போது உட்காரும் எலும்புக்குச் சற்று மேலே, ஆழத்தில், ஒரு சிறிய பிடிப்பு தெரியும். பின்பக்கம் கல்லாக இறுகாது. கட்டைவிரலை அங்கே அழுத்திவைத்துத் தொடையைத் திருப்பிப் பாருங்கள், விரலுக்கடியில் தசை எழுவது தெரியும்.

மேலுடம்புக்கு: காதுக்கு நேரே கீழே தோள், கழுத்தெலும்பு இரு பக்கமும் அகலமாக, கீழ் விலா வயிற்றோடு சேர்ந்து. பரதத்தின் தொடக்க நிலையான நாட்டியாரம்பத்தில் கையைத் தோள் உயரத்துக்கு நீட்டும்போது முழங்கை பின்னால் போனால் விலா துருத்தும். பக்கத்தில் நீட்டிய கை ஓரக்கண்ணில் தெரியும் அளவுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். பாலேயின் இரண்டாம் நிலைக் கை தோளைவிடச் சற்றுத் தாழ்ந்து, இன்னும் கொஞ்சம் முன்னால் வரும்.

பலப்படுத்தும் பயிற்சிகள்

வாரம் 4 நாள், நாளுக்கு 20 நிமிடம். முதலில் 5 நிமிடம் நடை, காலை முன்னும் பின்னும் ஆட்டுதல். உடம்பு சூடாகாமல் தொடங்க வேண்டாம். நீண்ட நேரம் பிடித்து நீட்டும் பயிற்சிகளை ஆட்டத்துக்கு முன் செய்யாதீர்கள், தசை தற்காலிகமாகப் பலமிழக்கும், அவை கடைசியில்.

சிப்பித் திறப்பு. சுவரில் முதுகு, பின்பக்கம் இரண்டும் தொட ஒருக்களித்துப் படுங்கள். தொடை 45 டிகிரி முன்னால், முட்டி மடங்கி, குதிகால்கள் ஒட்டி. குதிகாலைப் பிரிக்காமல் மேல் முட்டியை 3 எண்ணித் திறந்து, 2 எண்ணிப் பிடித்து, 4 எண்ணி இறக்குங்கள். 12 முறை, இரு பக்கமும், 2 சுற்று. இடுப்பு பின்னால் உருண்டால் சுவர் உடனே சொல்லிவிடும். திறப்பு சிறியதாக இருந்தாலும் சரி. இரண்டு வாரம் கழித்து முட்டிக்கு மேலே எலாஸ்டிக் வளையம் போடலாம். திருப்பூரில் இடுப்புப்பட்டிக்கு விற்கும் 2 அங்குல அகல எலாஸ்டிக்கில் 60 சென்டிமீட்டர் வெட்டி வளையமாகத் தைத்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும்.

குதிகால் அழுத்தம். குப்புறப் படுத்து, முட்டிகளை இடுப்பகலத்துக்கு விரித்து மடக்கி, இரண்டு குதிகாலையும் ஒன்றோடொன்று சேருங்கள். அடிவயிற்றுக்கடியில் மடித்த துண்டு ஒன்று. குதிகால்களை 5 எண்ணும் வரை அழுத்தி, விடுங்கள். 10 முறை. முக்கால் பலம் போதும். கீழ்முதுகு இறுகினால் துண்டை இன்னொரு மடிப்பு உயர்த்துங்கள்.

படுத்தபடி பிளியே. மல்லாக்கப் படுத்து, சாக்ஸ் போட்ட கால்களை நீட்டி, தொடையைச் சுழற்றி முட்டிப் பொட்டுகளை வெளியே திருப்புங்கள். அந்தச் சுழற்சி குறையாமல் குதிகாலைத் தரையில் இழுத்துக்கொண்டு முட்டியை மடக்கி, மறுபடி நீட்டுங்கள். ஒவ்வொன்றும் 4 எண்ணிக்கை, 8 முறை. நீட்டும் நேரம்தான் முக்கியம்: கடைசிச் சில சென்டிமீட்டரில் தசைநார் இறுகி, பொட்டு உள்ளே திரும்பப் பார்க்கும். அந்த இடத்தில் மெதுவாகப் போனால் அரைமண்டியில் உள்ள திறப்பை நேர்காலுக்குக் கொண்டுவரலாம். நாட்டியத்திலிருந்து பாலேக்கு வருகிறவர் ஒரே ஒரு பயிற்சிதான் செய்வேன் என்றால் இதைச் செய்யட்டும். கீழ்முதுகுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுனி நுழையும் இடம் தொடக்கம் முதல் முடிவு வரை மாறக் கூடாது.

சுவர் அரைமண்டி. சுவரில் முதுகு சாய்த்து, குதிகால் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, உங்கள் சாக்ஸ் கோணத்தில் பாதம். தோள்பட்டையும் இடுப்பின் பின்னெலும்பும் சுவரை விடாமல் இறங்கி, 20 விநாடி பிடித்து, தொடையைச் சுழற்றிக்கொண்டே எழுங்கள். 5 முறை. ஆழம் முக்கியமில்லை, குதிகால் எழும்பாமல், முட்டி முன்னால் சரியாமல் எவ்வளவு இறங்க முடியுமோ அதுதான் அரைமண்டி.

பாத வளைவு. நாற்காலியில் உட்கார்ந்து, விரல்களைச் சுருட்டாமல், கட்டைவிரல் அடியைக் குதிகால் பக்கம் இழுத்து வளைவை உயர்த்துங்கள். 5 எண்ணிக்கை, 10 முறை. முதல் வாரம் பிடி கிடைக்காமல் கால் பிடித்துக்கொள்ளும், பரவாயில்லை. பழகியதும் நின்றுகொண்டு. கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் என மூன்று இடத்திலும் எடை பங்காக இருக்க வேண்டும்.

குதிகால் எழுப்புதல். இணைபாதத்தில் ஒற்றைக்காலில் நின்று, சுவரை இரு விரலால் தொட்டுக்கொண்டு எழுந்து இறங்குங்கள். கணுக்கால் சாயாமல் ஒரு காலில் 20 முறை வரும் வரை பாலேயின் ரெலவேவை (குதிகால் தூக்கி எழுவதை) கூட்ட வேண்டாம். விரல் நுனியில் நின்று ஆடப் போடும் பாயின்ட் ஷூ பற்றிய பேச்செல்லாம் அதற்கப்புறம். அதுவும் 11, 12 வயதுக்கு முன் எடுக்கவே கூடாது.

கடைசியாக நீட்டிப்பு. ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, மற்ற காலை முன்னால் வைத்து, பின்காலின் பக்கம் பின்பக்கத்தைச் சற்று உள்ளே இழுத்தால் முன்தொடை நீளும். 30 விநாடி, இரு பக்கமும் 2 முறை. மல்லாக்கப் படுத்து ஒரு கணுக்காலை மறுமுட்டி மேல் போட்டு, தொடையை நெஞ்சுப்பக்கம் இழுப்பதும் அதே அளவு. தவளை நிலையில் படுக்கலாம், ஆனால் பிறர் அமுக்காமல், முட்டிக்கடியில் மடித்த சென்னிமலைப் போர்வை வைத்து.

ஆட்டத்துக்குள் கொண்டுவருவது

தரையில் படுத்துக் கிடைத்தது நின்றதும் காணாமல் போகும். அதனால் மெதுவான வேகத்தில் தொடங்க வேண்டும். பாலேயில் முதலில் டாண்டு, அதாவது ஒரு காலைத் தரையில் உரசியபடி நீட்டி மீட்பது: நிற்கும் காலைப் பாருங்கள், நகரும் காலை அல்ல. கால் முன்னால் போகும்போது குதிகால் வழிகாட்டிப் போகவும், திரும்பும்போது விரல் நுனி வழிகாட்டி வரவும் வேண்டும். நிற்கும் தொடை சுழற்சியை விட்டுவிட்டால் நகரும் காலும் தானாக உள்ளே திரும்பிவிடும். முதல் மாதம் ஒரு பாதத்தை மற்றதன் முன்னால் முழுதாக ஒட்டி வைக்கும் ஐந்தாம் நிலை வேண்டாம். முன்காலின் குதிகால் பின்பாதத்தின் நடுவில் சேரும் மூன்றாம் நிலையில் நின்றால் முட்டிக்கு இடைஞ்சல் குறைவு.

பரதத்தில் அரைமண்டியில் பாதத்தைத் தட்டி ஆடும் தட்டடவு இதற்குத் தோதானது. முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்), தட்டுக்கழி ஓசைக்கு, கால் எழும்போது குதிகால் பின்பக்கம் நோக்கி மேலே வரட்டும். முட்டி முன்னால் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. தட்டுகிற நொடியில் மற்ற முட்டியின் பொட்டு உள்ளே ஆடுகிறதா என்று போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். முதல் காலத்தில் ஆடாமல் இருந்து இரண்டாம் காலத்தில் ஆடினால் இன்னும் சில வாரம் முதல் காலத்திலேயே இருக்கலாம். "டீச்சர், கால் கடுக்குதுங்க" என்று பிள்ளை சொன்னால் எங்கே என்று கேளுங்கள். தொடையின் வெளிப்பக்கமும் பின்பக்க ஆழமும் கடுத்தால் வேலை நடக்கிறது. முட்டியின் உட்புறம் என்றால் உடனே பாதக் கோணத்தைக் குறையுங்கள்.

வள்ளிக்கும்மியும் ஆடுகிற பிள்ளைகள் இங்கே நிறைய. மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊருக்கு ஊர் அரங்கேற்றமும் நடக்கிறது. மணிக்கணக்கில் குனிந்து நிமிர்ந்து கைதட்டி ஆடும்போது கெண்டைக்காலும் மூச்சும் நன்றாகப் பழகும். ஆனால் பாதம் அங்கே பெரும்பாலும் நேரே பார்த்துத்தான் நகரும், முன்தொடை இறுகும். கும்மி இரவுக்கு மறுநாள் பலப்பயிற்சி வேண்டாம். முன்தொடை நீட்டிப்பும் பாத வளைவும் போதும். மாரியம்மன் பண்டிகைச் சமயத்தில் வாரம் மூன்று நாள் கும்மி என்றால் அந்த வாரம் தட்டடவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தரை பற்றி. காங்கிரீட் மேல் ஒட்டிய டைல்ஸ் அதிர்ச்சியை வாங்காது, அத்தனையும் கெண்டைக்கால் எலும்பு வாங்கும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றை 4 அடிக்கு 4 அடி வெட்டி, அடியில் ரப்பர் பாய் போட்டால் வீட்டுக்குப் போதும். ஜமக்காளம் படுத்துச் செய்யும் பயிற்சிக்குத்தான். அதன் மேல் நின்று தட்டினால் வழுக்கும். கல்யாண மண்டப மேடையில் விரித்த கார்ப்பெட்டில் சுழலும்போது பாதம் மாட்டிக்கொண்டு முட்டி மட்டும் திரும்பும், அங்கே சுற்றுகளைக் குறையுங்கள். பேரூர் போன்ற கோயில்களின் கருங்கல் தரையில் நாட்டியாஞ்சலி ஆடப் போகிறவர்கள் ஒத்திகையில் ஓசைக்காக ஓங்கி மிதிக்காமல், சலங்கை ஒலியை நம்பி ஆடலாம்.

வலி எங்கே, என்ன செய்வது

முட்டியின் உட்புறம் வலித்தால் பாதக் கோணம் அதிகம். முட்டிச்சில்லுக்கு அடியில், படி இறங்கும்போது வலித்தால் அரைமண்டியில் முட்டி உள்ளே சரிகிறது. கெண்டைக்கால் எலும்பின் உட்புறம் நீளமாக வலித்தால் பாத வளைவும் தரையும் காரணம். ஒரே புள்ளியில் விரல் வைத்தால் கத்தும் அளவுக்கு இருந்தால் எலும்பில் கீறலாக இருக்கலாம், ஆட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இடுப்பின் பக்கத்தில் "டொக்" என்று சத்தம் மட்டும் வந்தால் பயமில்லை. சத்தத்தோடு வலி வந்தாலோ, தொடை மடங்கும்போது கவட்டியின் முன்னால் கிள்ளுவதுபோல் இருந்தாலோ, ஆழமான பிளியேவை நிறுத்திவிட்டு நடனக்காரர்களைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். வளரும் வயதுப் பிள்ளைக்குக் கீழ்முதுகில், பின்னால் வளையும்போது ஒரு பக்கமாக வலித்து, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் "தைலம் தேச்சா போயிடும் சாமி" என்று விட்டுவிடக் கூடாது. முதுகெலும்பில் விரிசலாக இருக்க வாய்ப்புண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் ஓய்விலேயே பெரும்பாலும் ஆறும்.

சாக்ஸ் கோணத்தை 4 வாரத்துக்கு ஒருமுறை, அதே தரையில், அதே நேரத்தில் அளங்கள். காலையில் மூட்டு இறுக்கமாகவும் மாலையில் தளர்வாகவும் இருக்கும், நேரம் மாறினால் கணக்கு மாறும். பலம் கூடுவது 6 முதல் 8 வாரத்தில் தெரியத் தொடங்கும். முதலில் மாறுவது கோணமாக இருக்காது. அதே கோணத்தில் கூடுதல் நேரம் ஆடாமல் நிற்க முடியும். கோணம் கூடினால் தரையில் உள்ள கோலமாவுக் கோட்டையும் அந்த அளவுக்குத் தள்ளிப் போடுங்கள்.